விண்டோஸ் 10க்குத்தான் விடை, மடிக்கணினிக்கு அல்ல

லினக்ஸுக்கு மாற எண்ணும் மாணவர்கள் அறிய வேண்டியவை

2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அன்றிரவு யாருடைய மடிக்கணினியும் அணைந்துபோகவில்லை. மறுநாளும் வழக்கம்போல் திறந்தது. பாடக் குறிப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன, காணொளிகள் ஓடின. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த திருத்தங்கள் அன்றோடு நின்றன. கதவுப் பூட்டு கெட்டுப்போனாலும் சரிசெய்ய ஆள் வராத வீட்டைப் போன்றதுதான் இனி அந்தக் கணினி.

அக்காவோ அண்ணனோ பல்கலைக்கழகம் சென்றபோது வாங்கிய மடிக்கணினி, இன்று தம்பி தங்கைகளின் கையில் இருப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். படிவம் ஐந்து மாணவருக்கும் டிப்ளோமா மாணவருக்கும் அதுதான் பாடநூல், அதுதான் நூலகம், ஒப்படைப்புகளைச் செய்யும் மேசையும் அதுதான். அதைத் தூக்கி வைத்துவிட்டு ஈராயிரம் ரிங்கிட்டுக்குப் புதியது ஒன்றை வாங்கு என்றால் எல்லாப் பெற்றோராலும் முடியாது. உயர்கல்விக் கடனில் படிக்கும் மாணவருக்கோ அந்தத் தொகை பல மாதச் சாப்பாட்டுச் செலவு.

அப்படிப்பட்ட மாணவர்களுக்கு இருக்கும் வழிகளில் ஒன்று லினக்ஸ். அது இலவசம். பழைய கணினிகளிலும் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். ஆனால், அது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, மாறுவதென்றால் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

விண்டோஸ் 11 ஏன் ஏற்பதில்லை?

முதலில் உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுகிறதா என்று பாருங்கள். தகுதி பெற்றால் இலவசமாகவே மாறிக்கொள்ளலாம். அதற்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். கடவுச்சொல், மறைகுறியீட்டுச் சாவி போன்றவற்றைக் காக்கும் சில்லு அது. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

உங்கள் செயலி எந்தத் தலைமுறை என்று அறிவது எளிது. 'ஐ5' என்பதை அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்தன. ஆகவே, அதற்கு முன் வாங்கிய மடிக்கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11 பட்டியலில் இடம்பெறா.

தனிநபர் பயனாளர்களுக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என மைக்ரோசாப்ட் அறிவித்தது. முடிவெடுக்க அவகாசம் தருவதற்கு அது உதவும். நான்காண்டுப் பட்டப்படிப்பை அதை நம்பித் தொடங்க முடியாது.

லினக்ஸ் என்றால் என்ன?

1991 ஆகஸ்ட் மாதம் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதி வருவதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று திறந்துவிட்டார். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டத்தின் மென்பொருள்களும் அதனோடு சேர்ந்தபோது முழுமையான இயங்குதளம் ஒன்று உருவானது.

இன்று உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால், அதன் உள்ளே ஓடுவதும் லினக்ஸ் கருநிரல்தான். உலகின் அதிவேக 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாக் கணினிகளும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. நாம் நாள்தோறும் பார்க்கும் இணையத்தளங்களில் பெரும்பகுதியும் லினக்ஸ் வழங்கிகளில்தான் இருக்கின்றன. ஆகவே, லினக்ஸ் என்பது கணினி நிபுணர்களின் விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் தேவையில்லை. நாம் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

லினக்ஸ் ஒரே வடிவில் வருவதில்லை. கருநிரலோடு மேசைத்திரை, செயலிகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பல குழுக்கள் பல தொகுப்புகளாக வெளியிடுகின்றன. இவற்றை 'டிஸ்ட்ரோ' என்பார்கள். உபுண்டு, ஃபெடோரா, டெபியன், சோரின் என்று பட்டியல் நீளும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஆராய்ந்தே பல மாதங்களைக் கழிப்பவர்களும் உண்டு.

புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போதும். 2006 முதல் வெளிவரும் இது, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. இடது கீழ்மூலையில் பட்டியல் பொத்தான், அடியில் பணிப்பட்டை, வலப்பக்கம் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கண்ணுக்கு எல்லாம் தெரிந்த இடத்திலேயே இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதுவரை மாணவர்கள் கவலையில்லாமல் இருக்கலாம்.

மின்ட் மூன்று தோற்றங்களில் கிடைக்கிறது. 8 ஜிபி ரேம் உள்ள கணினிக்குச் சின்னமன் பதிப்பு நன்றாக ஓடும். 4 ஜிபி மட்டுமே உள்ள பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவானது. எந்தப் பதிப்பானாலும், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினால் கிடைக்கும் வேகம் வேறு எதனாலும் கிடைக்காது. லோ யாட் பிளாசா போன்ற கணினிச் சந்தைகளில் கடைக்காரரே பொருத்தித் தருவார். இயங்குதளத்தை மாற்றும் எண்ணம் இருந்தால், முதலில் எஸ்எஸ்டியை மாற்றிவிட்டு அதன்மேல் லினக்ஸை நிறுவுவது ஒரே வேலையாக முடியும்.

யார் மாறக்கூடாது?

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. கேட்காமல் மாறியவர்களே பிறகு அவதிப்படுகிறார்கள்.

உங்கள் படிப்புக்கு எந்த மென்பொருள் கட்டாயம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கட்டட வரைகலை, இயந்திரவியல் மாணவர்களுக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் தேவைப்படும். இவற்றின் கணினிப் பதிப்புகள் லினக்ஸுக்கு வெளியிடப்படுவதில்லை. ஃபோட்டோஷாப், பிரீமியர் உள்ளிட்ட அடோபி செயலிகளும் அப்படியே. மைக்ரோசாப்ட் வேர்ட், எக்செல் ஆகியவற்றை லினக்ஸில் உலாவி வழியாக மட்டுமே பயன்படுத்தலாம்.

இணையத் தேர்வுகளுக்குச் சில கல்லூரிகள் தனி உலாவிகளைப் பயன்படுத்துகின்றன. ரெஸ்பாண்டஸ் லாக்டவுன் பிரவுசர், சேஃப் எக்ஸாம் பிரவுசர் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. தேர்வுக்கு முதல்நாள் இதை அறிந்து பயனில்லை. உங்கள் விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விளையாட்டுகளைப் பொறுத்தவரை, ஸ்டீமில் உள்ள பல விளையாட்டுகள் வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்ற இடைநிரலின் உதவியால் லினக்ஸிலும் ஓடுகின்றன. வாலொரண்ட், ஃபோர்ட்நைட் போன்றவை அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு முறையால் ஓடுவதில்லை. நண்பர்களோடு சேர்ந்து அவற்றை விளையாடுபவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. பள்ளியோ அறக்கட்டளையோ இரவலாகக் கொடுத்த கணினியில் கை வைக்காதீர்கள். அது உங்கள் உடைமை அன்று. சொந்தக் கணினியை மட்டுமே மாற்றலாம்.

மாறாக, உங்கள் வேலை பெரும்பாலும் உலாவியில் நடக்கிறதா? கல்வியமைச்சின் டெலிமா தளம், கூகல் கிளாஸ்ரூம், கூகல் டாக்ஸ், கான்வா, யூபியு விண்ணப்பம் ஆகிய எல்லாம் ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ இயங்குபவை. அவற்றுக்கு எந்த இயங்குதளம் என்பது பொருட்டே அல்ல. நிரலாக்கம் படிக்கும் மாணவர்களுக்கோ லினக்ஸ் கூடுதல் வசதி. பைதான், சி, கிட் எல்லாம் எளிதாகக் கிடைக்கும். விஎஸ் கோட், மேட்லேப், ஆர் ஆகியவற்றுக்கும் லினக்ஸ் பதிப்புகள் உள்ளன.

நிறுவும் முன் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸின் சிறப்புகளில் ஒன்று, கணினியில் எதையும் மாற்றாமல் பென்டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்க்கலாம். வண்டி வாங்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது போலத்தான்.

இதற்கு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதிலுள்ள கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் வெறும் பென்டிரைவாக எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். கைப்பேசித் தரவைச் செலவழிக்காமல், வளாக வைஃபையிலோ நூலகத்திலோ இறக்கிக்கொள்வது நல்லது.

பதிவிறக்கிய கோப்பு சரியானதா என்று சரிபார்க்கும் முறையும் அந்தத் தளத்தில் விளக்கப்பட்டுள்ளது. இதைப் பலர் தாண்டிச் சென்றுவிடுவார்கள். 2016 பிப்ரவரி 20ஆம் தேதி ஊடுருவிகள் மின்ட்டின் இணையத்தளத்துக்குள் புகுந்து, பதிவிறக்கச் சுட்டியைத் தீங்குநிரல் கலந்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். குழுவினர் விரைவாகக் கண்டுபிடித்து அறிவித்தனர். ஆகவே, சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பத்து நிமிட வேலைதான். செய்துவிடுங்கள்.

பிறகு ரூஃபஸ் என்ற இலவசச் செயலியைக் கொண்டு அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து தொடங்காது. எழுதி முடித்ததும் கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோ கணினிகளில் அது பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஃப்9. ஏசூஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. ஏசரில் எஃப்12 விசையை முதலில் பயாஸ் அமைப்பில் இயங்கச் செய்ய வேண்டியிருக்கலாம்.

மின்ட் திரை வந்ததும் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியவை வேறு. வைஃபை இணைகிறதா? ஒலி வருகிறதா? கேமராவும் ஒலிவாங்கியும் வேலை செய்கின்றனவா? தொடுதளத்தில் இரண்டு விரலால் உருட்ட முடிகிறதா? திரை வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா? மூடியைச் சாத்தித் திறந்தால் கணினி விழிக்கிறதா? புரொஜெக்டரில் அல்லது தொலைக்காட்சியில் இணைத்தால் படம் தெரிகிறதா? வகுப்பில் படைப்பு செய்ய எழுந்து நிற்கும்போதுதான் கடைசிக் கேள்விக்கு விடை தெரியவேண்டும் என்பதில்லை.

சில மடிக்கணினிகளில் உள்ள பிராட்காம் வைஃபை சில்லுகளுக்குத் தனி இயக்கி தேவைப்படும். அப்போது கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிருங்கள். பிறகு மின்ட்டின் இயக்கி மேலாளரைத் திறந்தால் தேவையானதை அதுவே பரிந்துரைக்கும்.

நகலெடுக்காமல் நகராதீர்கள்

ஓட்டிப் பார்த்தாயிற்று, பிடித்திருக்கிறது என்றால் அடுத்த வேலை நிறுவுவது அன்று. கோப்புகளை நகலெடுப்பதுதான்.

ஒப்படைப்புகள், ஆய்வுத் தரவுகள், சான்றிதழ் நகல்கள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் வெளி வன்தட்டிலோ மேகச் சேமிப்பிலோ வையுங்கள். நகலெடுத்ததோடு நில்லாமல், வேறொரு கணினியில் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலாகாது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே கணினியை வீட்டில் வேறு யாராவது பயன்படுத்தினால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்பாவின் கணக்குக் கோப்பு ஏதேனும் ஒரு மூலையில் இருக்கலாம்.

விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது சாதன மறைகுறியீடு இயங்கிக்கொண்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று இருக்கும். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அதைக் காணலாம். அதைத் தாளில் எழுதி வைக்காமல் தொடக்க அமைப்புகளை மாற்றினால், விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும். மேலும், பின்னாளில் விண்டோஸுக்குத் திரும்ப நேர்ந்தால் உதவுவதற்காக, மைக்ரோசாப்ட் தரும் கருவியைக் கொண்டு விண்டோஸ் நிறுவல் பென்டிரைவ் ஒன்றையும் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒப்படைப்புக்கான கடைசி நாளுக்கு முந்தைய இரவு இதற்கு உகந்ததன்று. பருவ விடுமுறையின் முதல் வாரம் சரியான காலம். தவறு நேர்ந்தாலும் திருத்த நாள் இருக்கும்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்க, இயக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் முறை இது. ஆட்டோகேட் போன்ற ஏதாவது ஒரு மென்பொருளுக்காக மட்டும் விண்டோஸ் தேவைப்படுபவர்களுக்கு இதுவே நல்ல வழி. சேமிப்பிடம் 256 ஜிபியாவது இருக்க வேண்டும். இல்லையேல் இரண்டுக்கும் இடம் போதாது.

இதற்கு விண்டோஸில் உள்ள வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டு முதலில் இடத்தைச் சுருக்கிக் காலியிடம் ஏற்படுத்துங்கள். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்திவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அந்நிலையில் அதன் கோப்புகளை லினக்ஸிலிருந்து மாற்றுவது ஆபத்து.

இரண்டு இயங்குதளங்களும் உள்ள சில கணினிகளில் வேடிக்கையான சிக்கல் ஒன்று வரும். லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் 8 மணி நேரம் பின்தங்கியிருக்கும். கணினி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மலேசியா பொது நேரத்தைவிட 8 மணி முந்தியிருப்பதால்தான் இந்த வேறுபாடு. லினக்ஸின் நேர அமைப்பை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

நிறுவும்போது கவனிக்க வேண்டிய ஒரே திரை

மின்ட்டை நிறுவுவது பெரும்பாலும் 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்தும் வேலைதான். மொழி, விசைப்பலகை, வைஃபை ஆகியவற்றைக் கேட்கும். காணொளி, ஒலிக் கோப்புகளுக்கான நிரல்களை நிறுவவா என்று கேட்டால் ஆம் என்று குறியிடுங்கள்.

அதன்பின் வரும் திரையில் மட்டும் நிதானியுங்கள். 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்பது ஒரு தேர்வு. 'வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு' என்பது இன்னொரு தேர்வு. இரண்டாவதை அழுத்தினால் விண்டோஸோடு எல்லாக் கோப்புகளும் போய்விடும். வெளி வன்தட்டு இணைக்கப்பட்டிருந்தால் இந்த வேலைக்கு முன் கழற்றிவிடுங்கள். தவறான வட்டைத் தேர்ந்தெடுத்து, நகல் வைத்திருந்த வன்தட்டையே அழித்துவிடும் வாய்ப்பு அதனால் இல்லாமல் போகும். சந்தேகம் இருந்தால் அந்தத் திரையிலிருந்து வெளியேறிவிடலாம். உறுதிப்படுத்தும் வரை எதுவும் அழிவதில்லை.

முதல் வாரம்

நிறுவியதும் செய்ய வேண்டியவை மூன்று. புதுப்பிப்பு மேலாளரைத் திறந்து திருத்தங்களைப் பெறுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற செயலியை அமையுங்கள். ஏதாவது அமைப்பைக் கெடுத்துக்கொண்டால், முன்பிருந்த நிலைக்கு அது திருப்பிக் கொண்டுவரும். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு அது நகலாகாது என்பதை மறவாதீர்கள். மூன்றாவதாக, தேவையான செயலிகளை மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவுங்கள். கைப்பேசியில் பிளே ஸ்டோர் எப்படியோ, இதுவும் அப்படித்தான். ஏதோ ஒரு தளத்தில் கிடைக்கும் நிறுவல் கோப்பைத் தேடி இறக்கும் விண்டோஸ் பழக்கத்தை இங்கே விட்டுவிடலாம்.

கோப்புறைகள் சற்று வேறாகத் தோன்றும். சி, டி என்ற வட்டு எழுத்துகள் கிடையா. உங்கள் கோப்புகள் எல்லாம் 'ஹோம்' என்ற இடத்தில் இருக்கும். கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கருதப்படும்.

கருந்திரையில் கட்டளை தட்டச்சு செய்யும் முனையத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அன்றாட வேலைகளுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படும்போது ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள். என்ன செய்யும் என்று உங்களால் சொல்ல முடியாத கட்டளையை எங்கிருந்தும் நகலெடுத்து ஒட்டாதீர்கள். குறிப்பாக, 'சூடோ' என்று தொடங்கும் கட்டளைக்குக் கணினியின் முழு அதிகாரமும் கிடைத்துவிடும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த கட்டளைக்கும் இந்த விதி பொருந்தும்.

ஒப்படைப்பு, அச்சு, இணைய வகுப்பு

ஆவணங்களுக்கு லிப்ரே ஆஃபிஸ் மின்ட்டிலேயே சேர்ந்து வருகிறது. வேர்ட் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவில் சேமிக்கும். ஆனால் எழுத்துரு மாறுவதால் பக்க அமைப்பு சற்று நகரலாம். அட்டவணைகள் நிறைந்த ஆவணத்தில் இது கண்ணுக்குத் தெரியும். எழுதி முடித்ததும் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். வளாகத்துக்கு வெளியே உள்ள நகலகத்தில் அச்சிடும்போதும் பிடிஎஃப் கோப்பையே கொடுங்கள். நீங்கள் பார்த்தபடியே அச்சாகும். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்து வைத்தால் கடைக்காரரின் விண்டோஸ் கணினியும் அதைப் படிக்கும்.

குழுப் பணியில் நான்கு பேர் ஒரே ஆவணத்தைத் திருத்துகிறீர்கள் என்றால், கூகல் டாக்ஸ் அல்லது உலாவியில் உள்ள வேர்ட் போதும். குழுவில் ஒருவர் மட்டும் லிப்ரே ஆஃபிஸில் திருத்தி, மற்றவர்களின் வேலை கலைந்துபோனால் நட்பும் கலையும்.

ஸூம் செயலிக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. டீம்ஸ், கூகல் மீட் ஆகியவற்றை உலாவியிலேயே பயன்படுத்தலாம். படங்களைத் திருத்த கிம்ப், வரைய கிரிட்டா, காணொளி தொகுக்க கேடென்லைவ் என்று இலவசச் செயலிகள் உள்ளன. அவற்றின் பொத்தான்கள் வேறு இடங்களில் இருக்கும். பழகச் சில வாரங்கள் ஆகும்.

தமிழில் தட்டச்சு

கணினித் தமிழ் வளர்ச்சியில் நம் வட்டாரத்துக்குப் பெரும் பங்குண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். இணையத்தில் தமிழை ஏற்ற முன்னோடியாக உழைத்த நா. கோவிந்தசாமி சிங்கப்பூரர். அந்த முயற்சிகளின் பலனாகத்தான் இன்று எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் தமிழும் கூடவே வருகிறது.

லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி ஆகிய விசைப்பலகைகள் கிடைக்கும். நீங்கள் எதில் பழகினீர்களோ அதையே தொடரலாம். நோட்டோ போன்ற யூனிகோட் தமிழ் எழுத்துருக்களும் இலவசமாக உள்ளன.

பழைய ஆவணங்களில்தான் சிக்கல். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைத் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். விண்டோஸிலும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் இதே நிலைதான். அந்த எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம். யூனிகோடுக்கு ஒரேயடியாக மாற்றிவிடுவது இன்னும் நல்லது. மன்ற மலர்கள், பழைய கட்டுரைகள் எதிர்காலத்திலும் படிக்கக் கிடைக்கும்.

மின்ட்டின் திரைமொழிப் பட்டியலில் தமிழும் மலாயும் இருக்கின்றன. தமிழாக்கம் இன்னும் முழுமையடையவில்லை. பல இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். அந்த மொழிபெயர்ப்புகளைச் செய்பவர்கள் சம்பளம் பெறும் ஊழியர்கள் அல்லர், பெரும்பாலும் தன்னார்வலர்கள். தமிழும் கணினியும் அறிந்த மாணவர் யார் வேண்டுமானாலும் அதில் சேரலாம். பட்டியல் ஒன்றில் ஒரு சொல்லைச் சரியாகத் தமிழாக்கினால், அடுத்த பதிப்பில் உலகெங்கும் உள்ள தமிழர்கள் அதைப் பார்ப்பார்கள். பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைகளும் கணினிக் கழகங்களும் சேர்ந்து செய்யக்கூடிய பணி இது.

தூக்கி எறியும் முன்

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 62 மில்லியன் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. இன்னும் ஐந்தாண்டு உழைக்கக்கூடிய மடிக்கணினி அந்தக் குவியலில் சேர வேண்டியதில்லை. நீங்களே புதிய கணினி வாங்கிவிட்டாலும், பழையதில் மின்ட்டை நிறுவி இடைநிலைப்பள்ளியில் படிக்கும் தங்கைக்கோ பக்கத்து வீட்டு மாணவருக்கோ கொடுக்கலாம்.

எல்லாம் பார்த்தபின்னும் லினக்ஸ் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் படிப்புக்குத் தேவையான மென்பொருள் ஓடும் கணினிதான் உங்களுக்கு நல்ல கணினி. ஆனால், அப்பா அம்மாவிடம் ஈராயிரம் ரிங்கிட் கேட்கும் முன், ஒரு பென்டிரைவும் ஒரு விடுமுறை வாரமும் செலவழித்துப் பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் உங்கள் கணினி எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றி நீங்கள் கற்றுக்கொள்வது, எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் உங்களோடு வரும்.